இரண்டாவது திறப்பு

ஐயா, முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் பொலிஸ் நிலையத்தின் பின்பக்கத்துக் குழாய் ஒழுகுகிறது. நான் வந்து வாங்கிலில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம்தான் இருக்கும். அதற்குள் கீழே இருந்த வாளி நிறைந்து வழியத் தொடங்கிவிட்டது. உள்ளே வாசர் தேய்ந்திருக்கும். கல்முனைச் சந்தையில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். எழுந்து போய் இறுக்கிவிட்டு வரலாமா என்று கேட்டேன். காவலுக்கு நின்றவர் இருக்கச் சொன்னார். இருந்துவிட்டேன். ஆனால் என் காது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் பெயர் தங்கரத்தினம். ஊர் பாண்டிருப்பு. இலுப்பையடி வட்டைக்குப் பதினொரு வருடமாக நான்தான் வட்டவிதானை. நீங்கள் மலைநாட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று சொன்னார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். வட்டை என்றால் சேர்ந்தாற்போல் கிடக்கும் வயல்வெளி. அந்த வெளிக்கு வரும் தண்ணீரை யாருக்கு எப்போது எவ்வளவு என்று பிரித்து விடுகிறவன் வட்டவிதானை. அரசாங்கம் நியமிக்கும் ஆள் இல்லை. வயல் செய்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் கூடிக் கைதூக்கித் தெரிவுசெய்வார்கள். எனக்கு எதிராக ஒரு கையும் இதுவரை உயர்ந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

மேசையில் கடதாசியில் சுற்றி வைத்திருப்பது ஓர் இரும்புச் சாமான். உங்கள் ஆட்கள் ஒரு மாதமாகத் தேடுவது அதைத்தான். அதை நான் தந்தால், நீங்கள் அடைத்து வைத்திருக்கும் மிஹ்லாரை விடுவிக்கலாம் என்று நினைக்கிறேன். நான் வந்த காரணம் அவ்வளவுதான். மிஹ்லார் சொன்னது உண்மை. பொய் சொன்னவன் நான்.

எங்கள் பெரிய வாய்க்கால் தார் வீதியை ஒட்டி ஓடுகிறது. ஓரிடத்தில் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, வீதிக்குக் கீழே மதகு வழியாகக் கிழக்குக் கண்டத்துக்கு, அதாவது வட்டையின் கிழக்குப் பகுதி வயல்களுக்கு, போகும். மதகு என்றால் ஒரு ஆள் குனிந்து தவழ்ந்து போகக்கூடிய கொங்கிறீட் குழாய். வாய்க்கால் பக்கத்து வாயில் இரும்புக் கதவு. அதைத்தான் துருசு என்கிறோம். மறுபக்க வாயில், குப்பையும் சல்பீனியா என்ற நீர்க்களையும் வயலுக்குள் போகாமல் இருக்கக் கம்பி அடித்திருக்கிறது. துருசு மூடியிருந்தால் தண்ணீர் நேரே போய்க் கடைக்கண்டத்துக்குச் சேரும். திறந்தால் கிழக்குக் கண்டத்துக்குத் திரும்பும். கடைக்கண்டத்தில்தான் மிஹ்லாருக்கு இரண்டு ஏக்கர். அவருக்குப் பக்கத்தில் கதிர்காமனுக்கு ஒன்றரை ஏக்கர்.

துருசைத் திறக்க ஒரு திறப்பு உண்டு. கையளவு நீளமான இரும்பு. மேலே குறுக்குப்பிடி, கீழே சதுரத் துளை. அதைத் தண்டில் பொருத்திச் சுற்றவேண்டும். முழுதாகத் திறக்கப் பன்னிரண்டு சுற்று. எண்ணித்தான் திறப்போம்.

வட்டைக்கு அந்த ஒரே திறப்புத்தான். வாய்க்கால் கரையில் உள்ள எங்கள் வாடிக் குடிசையில், எல்லாரும் காணும்படி ஆணியில் தொங்கும். மதகுக்குள் துப்புரவாக்க இறங்குகிறவன் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவான். திறப்பு உள்ளே இருந்தால் வெளியில் யாரும் திறக்க முடியாதல்லவா. அதற்கும் மேலே இன்னொரு வழக்கம் இருந்தது. யார் திறந்தாலும் திறக்குமுன் துருசுத் தண்டில் கல்லால் மூன்று தடவை தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார்கள். உள்ளே ஆள் இருந்தால் கையில் உள்ள திறப்பால் கம்பியில் மூன்று தட்டுத் திருப்பித் தட்டவேண்டும். திறப்பு ஒன்றுதான் என்னும்போது இந்தத் தட்டு வீண்வேலை என்று சிலர் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. பதினொரு வருடத்தில் ஒரு நாளாவது தட்டாமல் திறந்ததில்லை. எங்கள் ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வழக்கம் நான் கொண்டுவந்தது. எங்கள் வட்டையில் பாதிப்பேர் முஸ்லிம்கள். எட்டு வருடத்துக்கு முன் அவர்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ துருசைத் திறந்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தவர்களுக்குக் கோபம். எங்கள் ஆட்களுக்கும் ரோசம். மண்வெட்டி தூக்குமளவுக்குப் போனது. நான் நடுவில் நின்று ஒரு முடிவு சொன்னேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை துருசை ஒருவரும் தொடக்கூடாது, எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், எங்கள் ஆட்களும் அந்த நேரம் வயலை விட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிவாசலில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கோயில் திருவிழாவிலும் போர்த்தினார்கள். இரண்டும் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. கொஞ்ச நாளாக அந்த அலுமாரியை நான் திறப்பதில்லை.

இந்தச் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாது என்று ஆரம்பக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். விதைக்காமல் விட மனம் வராமல் முறைத் தண்ணீருக்கு ஒத்துக்கொண்டோம். ஞாயிறிலிருந்து செவ்வாய்வரை கிழக்குக் கண்டம். புதனிலிருந்து சனிவரை கடைக்கண்டம். கடைக்கண்டம் தூரம், தண்ணீர் போய்ச்சேர நேரமெடுக்கும், அதற்கு ஒரு நாள் கூடக் கொடுக்கவேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து வாதாடியவன் நான்தான். கதிர்காமன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

கிழக்குக் கண்டத்தில் என் மகள் கிருசிகாவின் மூன்று ஏக்கர் இருக்கிறது. சீதனமாக நான் கொடுத்தது. மேட்டுப் பூமி. தண்ணீர் கடைசியாகத்தான் ஏறும், ஏறினாலும் நிற்காது. மருமகன் துசாந் கட்டாரில். அவருடைய வீட்டார் பெரியநீலாவணையில் கடற்றொழில் செய்கிறவர்கள். கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவருடைய தாய் அந்த வயலைப் பார்த்துவிட்டு, விதானையாரின் மகளுக்கு ஒட்டகம் மேய்க்கத்தான் காணி கிடைத்திருக்கிறது என்று பகிடியாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கிருசிகாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குள் நெடுநாள் கிடந்தது.

ஆனி மாதம் பயிர் குடலை தள்ளிக் கதிர் வரப்போகும் நேரம் அவளுடைய வயல் வெடித்துவிட்டது. மூன்று நாள் முறையில் நனைந்தது நான்காம் நாள் காய்ந்தது. வாரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலத் தண்ணீர் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஒரு மணித்தியாலம் என்பது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பதினொரு வருடமாக வெயிலிலும் சேற்றிலும் நடந்தவன் ஒரு மணித்தியாலத் தண்ணீருக்கும் உரித்தில்லாதவனா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இதை மற்றவர்களிடம் கேட்டிருக்கலாம். கூட்டத்தில் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். ஆனால் விதானையார் மகளுக்காகக் கேட்டார் என்று பேச்சு வந்திருக்கும். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாமாக இருந்தது. தண்ணீர் மட்டும்தான் வேண்டியிருந்தது.

கரையில் ஒருவரும் இல்லாத நேரம் வாரத்தில் ஒன்றுதான். அந்த நேரத்தை உண்டாக்கியவனே நான்தானே.

ஆணியில் தொங்கும் திறப்பை எடுக்க முடியாது. யாராவது வாடிப் பக்கம் வந்தால் ஆணி வெறுமையாக இருப்பது தெரியும். அதனால் கல்முனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மிஹ்லாரிடம் போனேன். முதல் திறப்புத் தொலைந்தால் உதவும், கைக்காவலுக்கு இன்னொன்று இருக்கட்டும் என்றேன்.

“அளவு பாக்கத் தேவல்ல விதானையார், பழைய திறப்ப ஒட்டிக் குடுத்ததே நான்தானே” என்றார் மிஹ்லார். “நாளைக்கு வாங்க.”

மறுநாள் எண்ணெய் பூசி, கடதாசியில் சுற்றித் தந்தார். அந்தக் கடதாசிதான் இது. கூலி வாங்க மறுத்துவிட்டார். வட்டைச் சாமானுக்கு எதற்குக் கூலி என்றார்.

நான்கு வெள்ளிக்கிழமை திறந்தேன். ஒவ்வொரு தடவையும் நான்கு சுற்றுத்தான், ஒரு மணித்தியாலம்தான். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் மூன்று தடவை தட்டிவிட்டே திறந்தேன். களவு செய்யும்போதும் ஒழுங்கைக் கைவிடவில்லை என்று அப்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

கதிர்காமனைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டான். மனைவி தர்சினி, ஒரு பெண்பிள்ளை. எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுச் செய்கிற ஆள். தன் வரம்படியில் வாய்க்காலுக்குள் ஒரு தடியை நட்டு, அதில் கத்தியால் கோடு கீறி வைத்திருந்தான். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வந்துபோகும் நேரமெல்லாம் பார்ப்பான். ஒவ்வொரு வெள்ளியும் பிற்பகலில் தண்ணீர் இரண்டு கோடு இறங்கி, பிறகு ஏறுவதை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை வாடிக்கு வந்து என்னிடம் சொன்னான்.

“விதானையார், வெள்ளிக்கிழமைல எங்கட தண்ணி ஒரு மணித்தியாலம் எங்கயோ போகுது. துருசுக்குக் கீழ கல்லு கில்லு அம்பிட்டிருக்கும் போல. நாளைக்கு ஆக்கள் இல்லாத நேரம் உள்ளுக்க இறங்கிப் பாக்கட்டா?”

வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுகும் துருசு உலகத்தில் கிடையாது. அது அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் ஆள்மேல் பழி சொல்லுமுன் இரும்பைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிற மனிதன் அவன். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் பார்க்கிறேன், நீ போ என்று சொல்லியிருக்கலாம். நல்லது, இறங்கிப் பார் என்றுதான் சொன்னேன். திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கு என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குக் கரை வெறுமையானது. கதிர்காமன் துருசுக்கும் மதகு வாய்க்கும் இடையில் உள்ள தொட்டிக்குள் இறங்கி உள்ளே போனான். நான் மேலே நின்றேன். உள்ளேயிருந்து ஏதோ சொன்னான். குழாய்க்குள் குரல் சிதறும், விளங்கவில்லை. பிறகு நான் வாடிக்குப் போய்ச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். திரும்பி வந்தபோது அவனைக் காணவில்லை. ஏறிப் போயிருப்பான் என்று நினைத்தேன். ஆணியைப் பார்க்கவில்லை. மகளின் வயல் நினைப்பிலேயே இருந்தேன். தண்டில் மூன்று தடவை தட்டினேன். பொறுத்தேன். பிறகு திறந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் எழுதுவது தெரிகிறது. தெரியாமல் நடந்தது என்று எழுதுகிறீர்கள். சரி, எழுதுங்கள். மீதியையும் சொல்கிறேன்.

பொழுது சாயும் நேரம் தர்சினி தேடி வந்தாள். கதிர்காமனின் சைக்கிள் மருத மரத்தடியில் நின்றது. வயலில் நின்றவர்கள் சேர்ந்து மதகின் மறுபக்கக் கம்பியை அறுத்து அவனை எடுத்தார்கள். நானும் போனேன். ஒரு காலை நான்தான் பிடித்தேன். அவனுடைய வலது கையில் திறப்பு இருந்தது. விரல்களை விரித்துத்தான் அதை எடுக்க முடிந்தது.

உங்களுக்கு முன் இங்கே இருந்த பொறுப்பதிகாரி கெட்டிக்காரர். ஒரே திறப்புச் செத்தவன் கையில் இருந்தால் துருசை எதனால் திறந்தார்கள் என்று முதல் நாளே கேட்டார். இரண்டாவது திறப்பு இருக்கவேண்டும், அதைச் செய்யக்கூடியவன் லேத்காரன் என்று மிஹ்லாரிடம் போனார்கள். அன்று மிஹ்லார் ஜும்ஆவுக்கும் போயிருக்கவில்லை. பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டு வயலிலேயே லுஹர் தொழுதிருக்கிறார். அது அவருக்கு எதிராகப் போயிற்று. திறந்தால் அவருடைய தண்ணீர்தானே குறையும் என்றதற்கு, கிழக்குக் கண்டத்தில் யாரிடமோ காசு வாங்கித் திறந்திருப்பார் என்றார்கள். அவர் ஒளிக்கவில்லை. ஓம், செய்தேன், விதானையார் கேட்டுச் செய்துகொடுத்தேன் என்றார்.

என்னைக் கூப்பிட்டு அவருக்கு முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பகல் வீட்டில் இருந்தேன், அப்படி ஒரு திறப்பை நான் கேட்கவும் இல்லை, காணவும் இல்லை என்றேன். என் குரல் நடுங்கவில்லை. மிஹ்லாருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“நல்லா யோசிச்சுப் பாருங்க விதானையார், மறந்திருப்பீங்க” என்றார்.

அவர் எனக்கு ஒரு வழி விட்டார். ஓம், மறந்துவிட்டேன், இப்போதுதான் நினைவு வருகிறது, எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால்கூட அவர் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். நான் பொய் சொல்வேன் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, மிஹ்லாருக்குக்கூட. பதினொரு வருடத்து நல்ல பெயரை அந்த ஒரு தலையசைப்பில் செலவழித்தேன்.

அதற்குப் பிறகு ஊரில் கதை வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. ஜும்ஆ நேரத்து அமைதியை முஸ்லிமே உடைத்துத் தமிழனைக் கொன்றுவிட்டான் என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். நான் கோயில் மண்டபத்தில் எழுந்து, ஒருவர் செய்த பிழைக்கு ஒரு சமூகத்தைச் சொல்லக்கூடாது என்றேன். பள்ளிவாசலிலிருந்து ஆள் அனுப்பி நன்றி சொன்னார்கள். ஒருவர் செய்த பிழை என்று சொன்னபோது நான் யாரை நினைத்துச் சொன்னேன் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

மிஹ்லாரின் மனைவி முஸ்பிறா ஒரு புதன்கிழமை தனியாக வாய்க்கால் கரைக்கு வந்தார். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், பயிர் என்ன செய்தது, எங்கள் முறைத் தண்ணீரை மட்டும் விடுங்கள் என்றார். களவாகத் துருசு திறந்தவனுக்கு அந்தப் போகத்தில் முறை இல்லை என்பது எங்கள் விதி. விதியை எடுத்துச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு காலை நொண்டியபடி வரம்பில் நடந்து போனார். காலில் முள் ஏறியிருக்கவேண்டும். மிஹ்லாரின் இரண்டு ஏக்கரும் கருகிவிட்டது. விட்டுப்போன முறையை யாருக்குக் கொடுப்பது என்று கூட்டத்தில் கேட்டார்கள். மேட்டு வயல்களுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று எல்லாருமாகச் சொன்னார்கள். அப்படித்தான் கிருசிகாவின் வயல் விளைந்தது. இந்த வருடம் அந்தப் பக்கத்திலேயே நல்ல விளைச்சல் அவளுக்குத்தான். அரிவி வெட்டின அன்று புதிரிசிச் சோறு ஆக்கி எனக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தயவுசெய்து அவளை விசாரிக்கவேண்டாம். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன், ஐயா. கை கழுவி, வழமைபோல் உட்கார்ந்து சாப்பிட்டேன். 

நேற்று முன்தினம் கதிர்காமனின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. போகாமல் இருக்க முடியாது. முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சாப்பாடு முடிந்து எழும்பும்போது தர்சினி என்னிடம் வந்தாள். அழுது ஓய்ந்த முகம். மகளைப் பக்கத்தில் நிறுத்தி, விதானையாரைக் கும்பிடு என்றாள். பிறகு சொன்னாள்.

“இவர் எந்த நாளும் சொல்லுவார், விதானையார் இரிக்கிற மட்டும் மதகுக்குள்ள படுத்து நித்திரையும் கொள்ளலாம் எண்டு. நீங்க தட்டாமத் திறக்கிற ஆள் இல்லயே. அண்டைக்கு நீங்க அங்க நிண்டிருந்தா இவர் போயிருக்கமாட்டார்.”

 பிள்ளை கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய தலையில் கை வைக்கவேண்டும், அதுதான் முறை. கை எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் வெகுநேரம் நின்றேன். ஒரு வாளி அள்ளி முகம் கழுவக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அந்தத் தண்ணீரில் எனக்கு என்ன உரிமை என்று இருந்தது.

மிஹ்லாருக்காக வந்தேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதைச் சொல்லும்போது நானே நம்பினேன். மிஹ்லார் முப்பது நாளைக்கு மேல் அடைபட்டிருந்தார். அவ்வளவு நாளும் நான் தூங்கினேன், ஐயா. தர்சினி சொன்ன அந்த வார்த்தைக்குப் பிறகுதான் தூக்கம் போனது. அதனால் நீங்கள் எழுதியிருப்பதைக் கொஞ்சம் திருத்தவேண்டும்.

அவன் உள்ளேயிருந்து சொன்னது எனக்கு விளங்கியது. ஒரு சொல் தவறாமல் விளங்கியது.

“துருசு நல்லா இறுகித்தான் கிடக்கு விதானையார். மதகும் காஞ்சு கிடக்கு. அப்ப ஆரோ இன்னொரு திறப்பு வச்சிரிக்காங்க. நாளைக்குக் கூட்டத்தக் கூட்டுவம், நீங்க முன்னுக்கு நில்லுங்க, ஆரெண்டு பிடிப்பம். வந்தது வந்தன், கம்பில கிடக்கிற சல்பீனியாவையும் இழுத்துப்போட்டு வாறன்.”

அவன் குரலில் என்மேல் சந்தேகம் இருக்கவில்லை. கிழக்குக் கண்டத்துக்குத் தண்ணீர் தடையில்லாமல் போகட்டும் என்றுதான் கம்பிவரை தவழ்ந்து போனான். அவனுக்கு அங்கே ஒரு சாண் நிலம் இல்லை. என் மகளுக்குத்தான் இருந்தது.

நான் வாடிக்குப் போகவில்லை. சோற்றுப் பார்சல் அன்று நான் கொண்டுவரவே இல்லை. சைக்கிள் மரத்தடியில் நின்றதைக் கண்டேன். ஆணி வெறுமையாக இருந்ததையும் கண்டேன். மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து இந்தக் கடதாசியைப் பிரித்து எடுக்கும்போது, நாளைக்குக் கூட்டத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பது மட்டும்தான் என் கண்ணுக்குள் இருந்தது. கொல்லவேண்டும் என்று நினைத்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தச் சொல் எனக்கு வரவில்லை. அந்தக் கூட்டம் நடக்கக்கூடாது என்று மட்டும் வந்தது.

மற்ற வெள்ளிகளில் நான்கு சுற்று என்று சொன்னேன். அன்று பன்னிரண்டு. வழமைபோல் எண்ணித்தான் திறந்தேன்.

இன்னும் ஒன்று. கதிர்காமன் செத்த பிறகு, தட்டுகிற வழக்கத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, அது பழைய காலத்துப் பேச்சு என்று வட்டையில் சிலர் சொல்கிறார்கள். வாக்குமூலத்தில் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த வழக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பிறகு வருகிற விதானையும் அதைக் கைவிடக்கூடாது. திறக்குமுன் நான் கல்லை எடுத்துத் தண்டில் மூன்று தடவை தட்டினேன். பொறுத்தேன். கம்பிப் பக்கத்திலிருந்து மூன்று தட்டுத் திரும்பி வந்தது.